சித்திரக்கதைத் தலைவனும் வழிநூலாசிரியனும்

ஒருவர் படைத்த கதைத்தலைவனைப் பிறிதொருவர் ஏற்றுக்கொண்டு மேலும் நடத்திச் செல்லுதல் தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. வால்மீகியின் இராமனைக் கம்பர் ஏற்றார். கம்பர் நிறுத்திய இடத்திலிருந்து உத்தரகாண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அண்மைக் காலத்தில், கல்கி 1954-இல் மறைந்தபோது முற்றுப்பெறாதிருந்த ‘அமரதாரா’வை அவர்தம் மகள் ஆனந்தி எழுதி முடித்தார். ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த இடத்தைத் தொடக்கமாகக் கொண்டு விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை இயற்றினார். இவை ஒவ்வொன்றிலும் எழும் வினா ஒன்றே. பின்வந்தவர் எவ்வளவு மாற்றலாம்? எதனை மாற்றினால் அத்தலைவன் அத்தலைவனாக இல்லாது ஒழிகிறான்?

இவ்வினா இக்காலத்தில் மிகக் கூர்மையாக எழும் இடம் காவியமும் அன்று, நாவலும் அன்று. சிறுவர் படிப்பது எனப் பெரியோர் ஒதுக்கிவைத்த சித்திரக்கதையே ஆகும். மக்கள் வழக்கில் இது காமிக்ஸ் எனப்படும். அதனுள்ளும் மானுட இயல்பைக் கடந்த ஆற்றலுடைய தலைவனைப் பற்றிய வகை ஒன்று உண்டு. அவ்வகைத் தலைவனை ‘சூப்பர் ஹீரோ’ என்பர். இவ்வகைக் கதைகள் பத்தாண்டும் ஐம்பதாண்டும் இடையறாது நடப்பன. எழுதுவோர் மாறுவர், வரைவோர் மாறுவர், தலைவன் மூப்பெய்தாமல் இருப்பான். அமெரிக்கச் செய்தித்தாள்களில் 1936-இல் வேதாளனைத் தோற்றுவித்த லீ பால்க், தாம் 1999-இல் மறையும்வரை அவனைத் தாமே எழுதினார். அது விதிவிலக்கு. பெரும்பான்மையான தலைவர்கள் கைமாறியவர்களே.

கைமாறுவதற்குக் காரணம் இலக்கியம் சார்ந்ததன்று, வணிகம் சார்ந்தது. 1938-இல் ஜெர்ரி சீகல் என்னும் எழுத்தாளரும் ஜோ ஷஸ்டர் என்னும் ஓவியரும் சூப்பர்மேன் என்னும் தலைவனை, அவனைப் பற்றிய எல்லா உரிமைகளுடனும், 130 டாலருக்கு ஒரு நிறுவனத்துக்கு விற்றனர். அன்றுமுதல் அத்தலைவன் நிறுவனத்தின் சொத்து. படைத்தவர் கூலிக்கு எழுதுபவர். கூலிக்கு எழுதுபவரை மாற்றலாம். சித்திரக்கதையில் ‘புதிய எழுத்தாளர்’ என்னும் நிகழ்ச்சி இவ்வாறு பிறந்தது. பின்வந்தவர் முன்னவரின் மாணவரும் அல்லர், மகனும் அல்லர். முன்னவரைக் கண்டிராதவராகவும் இருக்கலாம். ஆயினும் படிப்போன் அவரிடம் எதிர்பார்ப்பது, நம் இலக்கண நூலார் வழிநூலாசிரியனிடம் எதிர்பார்த்ததிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

நன்னூலார் நூலை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தார் என்பதை மாணவர் அறிவர். வழிநூல் முதனூலின் முடிபை முழுதும் ஒப்புக்கொண்டு, பின்னோன் விரும்பும் வேறுபாடுகளையும் சேர்த்து, மரபு கெடாது வருவது. சார்புநூல் சிறிது ஒத்துப் பெரிதும் வேறுபடுவது. தொல்காப்பிய மரபியல் வழிநூலை மேலும் நுணுகி நோக்கி, சுருக்கிச் சொல்வது, பெருக்கிச் சொல்வது, இரண்டையும் கலப்பது ஆகியவற்றோடு பிறமொழியிலிருந்து நெறி பிறழாமல் பெயர்த்துச் செய்வதையும் அதன் வகைகளுள் ஒன்றாக வைத்தது. மொழிபெயர்ப்பாளனும் வழிநூலாசிரியனே என்பது இதனால் பெறப்படும். இது பின்னர் நமக்கு வேண்டியதாகும். இவ்விலக்கணங்கள் கதைநூலை நோக்கிச் செய்யப்பட்டன அல்ல என்று கூறுவார் இருக்கலாம். அது மெய்யே. ஆயினும், மாற்றத்தை மதிப்பிட நமக்கென ஓர் அளவுகோல் இருக்கையில், மேலை நாட்டுத் திறனாய்வாளரின் சொற்களை இரவல் கேட்பது தேவையற்றது.

தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறையினர் நன்கறிந்த தலைவர் இருவரை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒருவன் இரும்புக்கை மாயாவி, மற்றவன் ஸ்பைடர். இருவரும் இங்கிலாந்தில் பிறந்து சிவகாசி வழியாகத் தமிழுக்கு வந்தவர். இருவரும் முதலில் தீயவராகப் படைக்கப்பட்டவர். இருவரையும் புதிய எழுத்தாளர் ஏற்றுக்கொண்டபோது நல்லவராயினர். இவ்வொற்றுமை ஒப்பீட்டுக்கு மிகவும் வாய்ப்பானது.

மாயாவியின் இயற்பெயர் லூயிஸ் கிராண்டெல். 1962 அக்டோபரில் லண்டனில் தொடங்கிய ‘வேலியண்ட்’ என்னும் வார இதழில் அவன் கதை தோன்றிற்று. முதலில் எழுதியவர் அறிவியற் புனைகதை ஆசிரியரான கென் பல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெஸூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்த கிராண்டெல் விபத்தொன்றில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். மற்றொரு விபத்தில் மின்சாரம் உடலிற் பாய, அவன் கண்ணுக்குப் புலப்படாதவனாகிறான். இரும்புக்கை மட்டும் புலப்படுகிறது. மின்னாற்றல் குறையக் குறைய உடல் மீண்டும் தோன்றும். முதற்கதையில் இவ்வல்லமை அவன் மனத்தைத் திரித்துவிடுகிறது. அவன் திருடுகிறான், ஊரை அச்சுறுத்துகிறான். பின்வந்த கதைகளில் படிப்படியாக நல்வழிப்படுகிறான்.

பல்மருக்குப் பின் இதனை ஏற்றவர் டாம் டல்லி. அவர் செய்த முதன்மையான மாற்றம், கிராண்டெலை அரசின் மறைமுகப் படையொன்றில் உளவாளியாகச் சேர்த்தது. தமிழில் இதனை ‘நிழற்படை’ என்று மொழிபெயர்த்தனர். மூலத்தின் பெயரைவிட நல்ல பெயர் என்பது என் கருத்து. இரும்புக்கையின் விரல்கள் துப்பாக்கியாகவும் செய்திக் கருவியாகவும் மாறின. இன்னும் பின்னர்ச் சிறப்புடை அணிந்த தலைவனாகவும் அவன் சிலகாலம் திரிந்தான். அந்த உடை அவனுக்குப் பொருந்தவில்லை என்பதை அக்கதைகளைப் படித்தோர் அறிவர்.

டல்லி எதனை மாற்றவில்லை என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. புலப்படாத உடலுக்குப் புலப்படும் கை ஒன்று உண்டு என்பதை அவர் மாற்றவில்லை. மின்சாரம் தீர்ந்தால் ஆற்றலும் தீரும் என்பதை மாற்றவில்லை. இவ்விரண்டுமே கதையின் உயிர். முழுதும் மறைந்தவனுக்கு இடர் இல்லை. இடர் இல்லையேல் கதை இல்லை. காற்றில் தனியே மிதந்துவரும் இரும்புக்கையைப் பகைவன் கண்டு அஞ்சுகிறான். அதே கையைக் குறிவைத்துச் சுடவும் செய்கிறான். மாயாவியின் வலிமையும் மெலிவும் ஓரிடத்திலேயே உள்ளன. இதனை உணர்ந்து பேணியமையால் டல்லி செய்தது வழிநூலாகிறது. தலைவனின் நோக்கம் மாறிற்று, இயல்பு மாறவில்லை. அறநெறியில் நேர்ந்த மாற்றத்துக்கும் முதனூலிலேயே வித்து இருந்தது. விபத்தால் மனம் திரிந்தவன் தெளிவடைதல் கூடும் என்பதைப் படிப்போன் எளிதில் ஏற்பான்.

ஸ்பைடரின் செய்தி வேறு. அவன் 1965 ஜூன் மாதத்தில் ‘லயன்’ என்னும் மற்றோர் ஆங்கில வார இதழில் தோன்றினான். படைத்தவர் டெட் கோவன். ஓவியர் ரெக் பன். கூரிய காதுகளும் நெற்றியில் முனையாக இறங்கும் மயிரும் கரிய உடையுமாக நின்ற அவன் முதற்கதையிலேயே தன் நோக்கத்தை மறைக்கவில்லை. குற்றவாளிகள் அனைவருக்கும் அரசனாக வேண்டும் என்பதே அது. பூட்டுத் திறப்பதில் வல்ல ராய் ஆர்டினி என்பவனையும், அறிவியலறிஞரான பேராசிரியர் பெல்ஹாம் என்பவரையும் வலிந்து தன் கீழ்ப்படுத்திக்கொள்கிறான். அவ்விருவர் அவனை அஞ்சியும் வெறுத்தும் பணிசெய்வது அக்கதையின் தனிச்சுவை. கில்மோர், ட்ராஸ்க் என்னும் காவல்துறையினர் இருவர் அவனைத் துரத்துகின்றனர். தீயவனைத் தலைவனாக நிறுத்தி, அவன் வெல்ல வேண்டுமென்று சிறுவரை விரும்பச் செய்தல் அவ்விதழுலகில் துணிவான செயல்.

இரண்டு கதைகளுக்குப் பின் கோவன் விலகினார். ஏற்றவர் யார்? சூப்பர்மேனைப் படைத்து 130 டாலருக்கு இழந்த அதே ஜெர்ரி சீகல். அவர் 1947-இல் தம் நிறுவனத்தின்மீது உரிமை வழக்குத் தொடுத்தவர். பின்னர் அங்கேயே மீண்டும் எழுதச் சென்று, மீண்டும் விலக நேர்ந்தவர். தாம் படைத்த தலைவனைப் பிறர் எழுதக் கண்டவர், இப்போது பிறர் படைத்த தலைவனை எழுத வந்தார். இவ்வகை இலக்கியத்தின் வரலாற்றில் இதனினும் பொருள்பொதிந்த கைமாற்றம் அரிது.

சீகலின் கையில் ஸ்பைடர் விரைவிலேயே குற்றத்தை விட்டான், குற்றவாளிகளை எதிர்ப்பவனானான். மாற்றத்துக்குக் காட்டப்பட்ட காரணம் மெலிந்தது. குற்றவாளிகளோடு பொருவதே தன் ஆற்றலுக்கேற்ற அறைகூவல் என்று அவன் கொண்டான் என்பதற்குமேல் அதில் ஆழமில்லை. முன்னர் அவனைத் துரத்தியோர் துணையாயினர். பகைவர்கள் வியப்புக்குரியவராகப் பெருகினர். பூதமும் வந்தது, இயந்திர மாந்தரும் வந்தனர். நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று விரட்டின. முந்தைய கதைகளில் இருந்த குளிர்ந்த அச்சம் மறைந்தது. அதன் இடத்தில் கட்டற்ற கற்பனை வந்தமர்ந்தது. சிறிது ஒத்துப் பெரிதும் வேறுபடுதல் என்னும் இலக்கணம் இதற்கு முற்றும் பொருந்துமாதலின், இது சார்புநூல் என்றே கொள்ளத்தக்கது.

ஆயின், சார்புநூல் என்றமையால் இழிந்தது என்பது பெறப்படாது. கோவனின் இரண்டு கதைகள் கட்டமைப்பில் உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் படிப்போர் நெஞ்சில் நின்ற ஸ்பைடர் சீகலின் ஸ்பைடரே. காரணம் தேடின் ஒன்று புலப்படும். சீகல் அறத்தை மாற்றினாரேயன்றி, ஆணவத்தை மாற்றவில்லை. நல்லவனான பின்னும் ஸ்பைடர் தன்னைத் தானே புகழ்கிறான், துணைவர்களை இகழ்கிறான், உலகைக் காப்பதையும் தன் பெருமைக்காகவே செய்கிறான். அடக்கமும் நாணமும் உடைய தலைவனை 1938-இல் உலகுக்குத் தந்த ஆசிரியர், அதற்கு நேர்மாறான தலைவனைத் தம் ஐம்பதாம் அகவைக்குப் பின் பேணி வளர்த்தார். அவ்வாணவத்தைக் கண்டு சிரிக்கவும் வேண்டும், வியக்கவும் வேண்டும் என்னும் இரட்டைச் சுவையே அக்கதைகளை இன்றும் படிக்கச் செய்வது. மாயாவியில் நிலைத்தது உடலின் இயல்பு. ஸ்பைடரில் நிலைத்தது உள்ளத்தின் இயல்பு. இரண்டிலும் ஏதோ ஒன்று நிலைத்தமையாலேயே பெயர் பொருளுடையதாயிற்று.

மூன்றாவது வகையொன்றும் உண்டு. லென் வெய்ன் என்னும் எழுத்தாளரும் பெர்னி ரைட்ஸன் என்னும் ஓவியரும் 1971-இல் படைத்த ‘ஸ்வாம்ப் திங்’ என்னும் அமெரிக்கத் தலைவன், விபத்தால் சேற்றுநிலச் செடிகொடிகளாக உருமாறிய அறிவியலாளன் என்றே அறியப்பட்டிருந்தான். 1984-இல் இதனை ஏற்ற ஆலன் மூர் என்னும் ஆங்கில எழுத்தாளர் முந்தைய கதைகளில் ஒரு நிகழ்ச்சியையும் மறுக்கவில்லை. அம்மனிதன் விபத்திலேயே இறந்துவிட்டான் என்றும், அவன் நினைவுகளை உட்கொண்ட செடி தன்னை மனிதனென எண்ணி வாழ்ந்துவந்தது என்றும் மட்டும் காட்டினார். பழைய கதைகள் சொல்லளவில் அப்படியே இருக்கின்றன. பொருள் முழுதும் மாறிவிட்டது. இதனை வழிநூல் என்பதினும் உரை என்பதே பொருந்தும். மூலத்தின் சொல்லைத் தொடாமல், பிறர் காணாத பொருளை அதனுள்ளிருந்தே எடுத்துக்காட்டும் உரையாசிரியர்களைத் தமிழுலகம் நன்கறியும். சிலபோது மூலத்தில் இல்லாததையும் அவர்கள் எடுத்துக்காட்டியதுண்டு.

கம்பரிடம் இவ்விரண்டு போக்கும் உண்டு. சீதையை இராவணன் தொட்டெடுத்தான் என்னும் நிகழ்ச்சியை மாற்றி, நிலத்தோடு பெயர்த்தெடுத்தான் என்று அவர் பாடியது மாற்றம். இரணியன் வதைப்படலத்தைச் சேர்த்தது விரிவு. இரண்டிலும் இராமகதை குலையவில்லை. சித்திரக்கதை எழுத்தாளரைக் கம்பரோடு ஒப்பிடுதல் தகுமோ எனின், தகுதியை ஒப்பிடவில்லை. எதிர்கொண்ட சிக்கலை ஒப்பிடுகிறேன்.

இனி இத்தலைவர்கள் தமிழுக்கு வந்த வரலாற்றைக் காண்போம். சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’ என்னும் முதல் வெளியீட்டுடன் தோன்றிற்று. தொடக்கக் காலத்தில் அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் முல்லை தங்கராசன். 1984-இல் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ‘எத்தனுக்கு எத்தன்’ முதலிய நூல்களாக ஸ்பைடர் அதில் வந்தான். தமிழ்ப் பதிப்பாளர் அவனுக்குக் ‘குற்றச் சக்கரவர்த்தி’ என்று அடைமொழி சூட்டினர். பின்னொரு நூலின் தலைப்போ ‘நீதிக் காவலன் ஸ்பைடர்’ என்பது. ஆங்கிலத்தில் கோவனுக்கும் சீகலுக்கும் இடையே நேர்ந்த மாற்றம் முழுவதும் இவ்விரண்டு தமிழ்த் தொடர்களில் அடங்கியிருத்தல் காண்க. ஆயினும் பழைய அடைமொழி புதியதால் அழிக்கப்படவில்லை. நீதியைக் காக்கத் தொடங்கிய பின்னும் தமிழ்ப் படிப்போர் அவனைக் குற்றச் சக்கரவர்த்தி என்றே அன்போடு அழைத்தனர்.

தமிழில் நேர்ந்த மற்றொரு வேறுபாடு வடிவம் பற்றியது. ஆங்கிலத்தில் வாரத்துக்கு இரண்டே பக்கங்களாக வந்த கதை, ஒவ்வொரு வாரமும் ஓர் இடரில் முடிய வேண்டும். அடுத்த வாரம் அவ்விடரை நினைவூட்டித் தொடங்க வேண்டும். தமிழில் அது ஒரே நூலாக வந்தது. வாரக்கணக்கில் காத்திருந்து பெற வேண்டிய அச்சத்தை, ஒரு பிற்பகலில் முப்பதுமுறை பெற்றான் தமிழ்ச் சிறுவன். சீகலின் கதைகள் மூச்சுவிடாமல் ஓடுவன என்று இங்குள்ளோர் கூறுவதில் ஒரு பங்கு சீகலுக்கு உரியது. மற்றொரு பங்கு இவ்வடிவ மாற்றத்துக்கு உரியது. ஆசிரியனின் நடையையும் வெளியீட்டு முறையின் விளைவையும் பிரித்தறியாமல் திறனாய்வு செய்தல் பிழைபடும்.

பெயர் பற்றியும் ஒரு சொல். ‘மாயாவி’ என்னும் வடசொல் தமிழ்க் காவிய மரபில் வாலியோடு பொருத அவுணனின் பெயர். ஆங்கில மூலத்தின் தலைப்புக்கு ‘இரும்பு நகம்’ என்பதே நேர்ப்பொருள். தமிழாக்கியோர் கையோடு மாயத்தையும் சேர்த்தனர். தீமையும் வியப்பும் கலந்த ஒரு பழஞ்சொல், தீயவனாகப் பிறந்து நல்லவனான தலைவனுக்கு அமைந்தது. இஃது எண்ணிச் செய்ததோ, தானே நேர்ந்ததோ, பொருத்தம் பெரிது.

தமிழாக்கியோன் எதிர்கொள்ளும் இன்னொரு கடமை ஆங்கிலத்தில் இல்லவே இல்லாதது. ஆங்கிலத்தில் திருடனும் அமைச்சனும் ஒரே முன்னிலைச் சொல்லால் விளிக்கப்படுவர். தமிழிலோ ஒவ்வொரு கட்டத்திலும் ‘நீ’ என்பதா, ‘நீர்’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா என முடிவுசெய்தாக வேண்டும்; படர்க்கையில் ‘அவன்’, ‘அவர்’ என்னும் தேர்வு உண்டு. பெல்ஹாம் ஸ்பைடரை எவ்வாறு விளிப்பார்? அறிவாலும் அகவையாலும் மூத்தவர் அவர். அஞ்சி அடங்கியிருப்பவரும் அவரே. ஸ்பைடர் நல்லவனான பின் அவ்விளி மாற வேண்டுமா? எழுத்தாளர் மாறியதை ஆங்கிலம் செயலால் காட்டும். தமிழ் விகுதியாலும் காட்டவல்லது. தொல்காப்பியர் மொழிபெயர்ப்பை வழிநூலின்பாற் படுத்தது எத்துணைப் பொருத்தமுடையது என்பது இதனால் விளங்கும். தமிழாக்கியோன் மூன்றாவது எழுத்தாளன். அவன் கொள்ளும் ஒவ்வொரு விகுதியும் தலைவனைப் பற்றிய ஒரு தீர்ப்பு.

இம்மூன்றாவது எழுத்தாளரைப் பற்றிப் பேசுங்கால் புதுக்கோட்டை மாவட்டத்தை விலக்கிப் பேச இயலாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிறுவர் இதழ்கள் பல வெளிவந்த ஊர் புதுக்கோட்டை. இன்றைய மாவட்டத்துக்குட்பட்ட இராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா, ‘பாலர் மலர்’, ‘டமாரம்’, ‘சங்கு’ ஆகிய இதழ்களில் ஆசிரியப் பொறுப்பேற்றவர். அதே மாவட்டத்து அரிமளத்தில் 1925-இல் பிறந்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி. பெரியோர்க்குக் கௌசிகன் என்னும் பெயராலும் சிறுவர்க்கு வாண்டுமாமா என்னும் பெயராலும் எழுதியவர். பின்னைய பெயரை அவருக்கு இட்டவர் ஓவியர் மாலி. 1972-இல் தொடங்கிய ‘கோகுலம்’ இதழுக்கு முதலில் வாண்டுமாமாவும், பின்னர் வள்ளியப்பாவும் ஆசிரியராயினர். ஓர் இதழ் கைமாறியபோதும் அது ஒரு மாவட்டத்தை விட்டு நீங்கவில்லை.

வாண்டுமாமா இரண்டு வகையான பயிற்சி உடையவர். ஓவியர் செல்லம் முதலியோருடன் இணைந்து தமிழிலேயே சித்திரக்கதைகளைப் படைத்தவர். அங்கே கதையும் அவருடையது. 1984-இல் தொடங்கிய ‘பூந்தளிர்’ இதழின் ஆசிரியராகவோ, பம்பாயில் உருவாகிய சித்திரங்களுக்குத் தமிழ்ச் சொல் அமைக்க வேண்டியவரானார். படம் மாறாது, கட்டம் மாறாது, பேச்சுக் குமிழியின் அளவும் மாறாது. ஆங்கிலத்தில் மூன்று சொல் நின்ற குமிழிக்குள் தமிழ்ச் சொல் இரண்டு நிற்பதே அரிது. இந்நெருக்கடியில் மொழிபெயர்ப்பவர் சொல்லைக் குறைத்தாக வேண்டும். குறைக்குங்கால் எதனை விடுவது என்பதில் அவர்தம் கருத்து வெளிப்பட்டே தீரும். விரும்பியவாறு வாலை நீட்டும் குரங்காகிய கபீஷ், இந்தியச் சிறுவர்க்கென ஆனந்த் பாய் படைத்த வியத்தகு ஆற்றலுடைய தலைவன். அக்குரங்கு தமிழ்க் குரங்காகப் பேசியது பூந்தளிரில்தான்.

பெயரமைப்பில் அவ்விதழின் கை தெளிவாகத் தெரிகிறது. ‘சிகாரி சம்பு’ என்னும் பெயர் ‘வேட்டைக்கார வேம்பு’ ஆயிற்று. பொருளும் பெயர்ந்தது, மோனையும் நின்றது. வேம்பு என்பது தமிழர் இயல்பாக இட்டு வழங்கும் பெயரும் ஆகும். ‘காலியா’ என்னும் காக்கை ‘காக்கை காளி’ ஆனது. வடமொழிப் பெயரில் கருமை நிறம் மட்டுமே குறிக்கப்பட்டது. தமிழ்ப் பெயரில் கருமையோடு காவல் தெய்வமும் வந்து சேர்ந்தது. முயல்களை முதலையிடமிருந்து காப்பாற்றும் காக்கைக்கு இப்பெயர் பொருந்தாது என்று யார் சொல்வார்? சுப்பாண்டியின் கதை இதனினும் சுவையானது. திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த வாசகர் ஒருவர் எழுதியனுப்பிய நாட்டுப்புறக் கதைகளிலிருந்து 1983-இல் ‘டிங்கிள்’ என்னும் ஆங்கில இதழில் உருவாகிப் பின் தமிழுக்குத் திரும்பியவன் அவன். தமிழ் நாட்டுப்புறம் முதனூலாக, ஆங்கிலம் வழிநூலாக, தமிழ் மீண்டும் அதன் வழிநூலாக அமைந்த இவ்வட்டத்துக்கு நன்னூலில் தனிப்பெயர் இல்லை.

இவ்வளவும் கூறியபின் ஒரு தடையை எண்ணிப்பார்த்தல் வேண்டும். ‘வேலியண்ட்’, ‘லயன்’ முதலிய ஆங்கில வார இதழ்கள் எழுதினோர் பெயரை அச்சிடவில்லை. பல்மர் போய் டல்லி வந்ததும், கோவன் போய் சீகல் வந்ததும் அக்காலத்துப் படிப்போர்க்கு அறிவிக்கப்படவில்லை. தலைவனின் போக்கு மாறியது ஒன்றே அவர்கள் கண்ட சான்று. நம் புலவர்கள் ஒரு நூலினுள் நடை வேறுபடுவதைக் கண்டு இடைச்செருகலை ஊகித்தது போலவே, அன்றைய சிறுவரும் ஊகித்திருத்தல் வேண்டும். பின்னர் அக்கதைகளின் உரிமையைப் பெற்ற ‘ரெபெல்லியன்’ நிறுவனம் 2021-இல் இரண்டையும் தொகுத்து வெளியிட்டபோது பல்மர், டல்லி, கோவன், சீகல் ஆகியோர் பெயர்கள் ஓவியர் பெயர்களோடு அச்சேறின. அரைநூற்றாண்டு கழிந்த பின் ஆசிரியர்க்கு நூல் திரும்பிற்று. அதற்கு முன்பே, 2005-இல் தொடங்கிய ‘ஆல்பியன்’ என்னும் தொடரில் ஆலன் மூரின் கதைக்கருவை வைத்து லியா மூரும் ஜான் ரெப்பியனும், மூப்பெய்திய மாயாவியையும் ஸ்பைடரையும் ஒரு சிறையில் அடைத்துக் காட்டினர். ஆங்கிலத்தில் ஏற்பும் மறுஏற்பும் இன்றும் நடக்கின்றன.

தமிழில் நிலை அதுவன்று. தமிழாக்கியோர் பலர் பெயர் அவர்தம் நூல்களில் இல்லை. மலிவான தாளில் அச்சாகி, கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டு, அட்டை கிழிந்து பழைய தாளாக எடைக்குப் போனவை இந்நூல்கள். ஒரு கதையின் ஆங்கில வாரப் பக்கங்கள், தமிழ் முதற்பதிப்பு, பின்வந்த மறுபதிப்பு ஆகிய மூன்றும் ஒரு மேசைமீது இருந்தாலன்றி, எந்தச் சொல் யாருடையது எனத் துணிதல் இயலாது. சங்க நூல்களுக்கு ஏடு தேடிய துறையினர்க்கு இம்முறை புதிதன்று. வேறுபாடு யாதெனின், இங்கே தேட வேண்டிய ஏடு நம் பிள்ளைப் பருவத்தது. முதற்பதிப்புக்களைத் திரட்டிக் காப்பதற்கென்றே புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் இயங்கும் ஞானாலயா நூலகத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் உள்ளன. அவ்வூர் மாணவர் ஒருவர் பூந்தளிரின் இதழ்களையும் அவற்றின் ஆங்கில மூலங்களையும் கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிட முற்படுவாராயின், முதலில் பார்க்க வேண்டியவை விளிச்சொற்களும் குறைக்கப்பட்ட தொடர்களும் ஆகும். அரிமளத்தில் பிறந்த ஆசிரியரின் கை அவ்விடங்களிலேயே மிகுதியாகப் புலப்படும்.